ஜலப்பிரளயமும் மூணாவது ஓலையும்

அந்தப் பையைக் கொஞ்சம் மிதிக்காம பாத்துக்கிடுங்க தம்பி. ஒண்ணுமில்ல, சிப்பிதான். கடைக்குப் போனா யாரும் பத்து பைசா தர மாட்டான். ஆனா அந்தச் சிப்பியில தொடங்கி ஒரு மனுசன சபை நடுவுல நிக்க வச்சு அழ வச்சிருக்கேன். இன்னைக்குத்தான். இப்பத்தான். கோயில்ல இருந்து நேரா வந்து இந்த பஸ்ல ஏறினேன்.

நீங்க கிறிஸ்தவங்களா? இல்லியா. சரி, அப்ப மொதல்ல இருந்தே சொல்லணும். சொல்லலாம்லா? உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லியே. ஞாயித்துக்கிழமை பஸ், அதுவும் உருட்டிக்கிட்டுதான் போவும்.

எங்க ஊரு தயாபுரம். தேரிக்காட்டு ஓரம். செம்மண்ணு, பனை, நடுவுல எங்க கோயில். கோயில்னா சர்ச்சு. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். குருவானவரை ஐயர்னு சொல்லுவோம், நீங்க வேற மாதிரி நெனச்சுக்கிடாதீங்க. எங்க வழக்கத்துல ஒரு பையனுக்கும் பொண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாச்சுன்னா, மூணு ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஐயர் அவுக பேரை வாசிப்பாரு. ஓலை வாசிக்கிறதுன்னு சொல்லுவோம். வாசிச்சு முடிச்சு, இவங்க கல்யாணம் பண்ணக் கூடாதுங்கதுக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லணும்னு கேப்பாரு. கேட்டுட்டு ஒரு மூச்சு விடுற நேரம் சும்மா நிப்பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. சும்மா ஒரு முறைக்குக் கேக்கிறதுதான. அப்புறம் பெண்கள் ஐக்கியக் கூட்டம் எத்தனை மணிக்குங்கிற அறிவிப்புக்குப் போயிருவாரு.

எங்க கோயில் கட்டின நாள்ல இருந்து அந்த மூச்சு நேரத்துல எந்திரிச்சு நின்னது ரெண்டே பேரு. ஒண்ணு இன்ஜினியர் ஜோயல் துரைசிங். இன்னொண்ணு நான்.

அவரு எந்திரிச்சது என் ஓலைக்கு.

எனக்கு அப்ப கல்யாண வயசு. இப்ப இந்த நரைச்ச தலையைப் பாத்து கணக்குப் போடாதீங்க, அப்ப நல்லாத்தான் இருந்தேன். ஜியாகரஃபி பட்டம் வாங்கி அந்த மை காயாத நேரம். ஞாயித்துக்கிழமை காலையில சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பேன். ஒரு நாளு நோவா கதை. உங்களுக்குத் தெரியும்லா? ஜனங்க எல்லாம் கெட்டுப் போயிட்டாங்கன்னு ஆண்டவர் ஜலப்பிரளயத்தை அனுப்பி உலகத்தையே முழுக்கினாரு. நோவான்னு ஒரு நல்ல மனுசன் மட்டும் பெரிய பேழை செஞ்சு, குடும்பத்தையும் ஒவ்வொரு மிருகத்துலயும் சோடி சோடியா ஏத்தி வச்சுப் பொழைச்சான். மலையெல்லாம் முழுகிச்சு. அதுதான் கதை. கதையைச் சொல்லி முடிச்சேன். ஒரு பொட்டப்புள்ள, மூக்கு ஒழுகிக்கிட்டு, டீச்சர் அவ்வளவு தண்ணியும் அப்புறம் எங்க போச்சுன்னு கேட்டுது.

நான் என்ன சொல்லியிருக்கணும்? ஆண்டவருக்குத் தெரியும்னு சொல்லிட்டு பாட்டுப் பாட விட்டிருக்கணும். நான் சாக்பீசை எடுத்தேன். போர்டுல ரெண்டு ஆறு வரைஞ்சேன். இந்த ரெண்டு ஆத்துக்கும் நடுவுல இருந்த ஜனங்களுக்கு இந்தச் சமவெளிதான் உலகம், இது முழுகிட்டா உலகமே முழுகினதாத்தான் அவங்க கண்ணுக்குத் தெரியும், பூமி முழுக்க மலை உச்சி வரைக்கும் தண்ணி நின்னதுக்கு இதுவரைக்கும் சான்று கெடைக்கலைன்னு சொன்னேன். ஆனாலும் அந்தக் கதை சொல்ல வந்த விஷயம் சத்தியம்னும் சொன்னேன். அதையும் சொன்னேன் தம்பி. ஆனா அதை மட்டும் எந்தப் பிள்ளையும் வீட்ல போயி சொல்லலை.

ஜோயல் துரைசிங் அப்ப சின்ன வயசு. அரசாங்கத்துல புதுசா இன்ஜினியர் வேலை. வேதபாட வகுப்புக்கெல்லாம் அவருதான் மேற்பார்வை. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கலை. ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்கலை. மனசுக்குள்ள வச்சுக்கிட்டே இருந்திருக்காரு. என் மூணாவது ஓலை வாசிக்கிற அன்னைக்கு, மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டையில இருந்து வந்து முன் பெஞ்சுல உக்காந்திருக்காவ. மூணாவது ஓலை அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பொண்ணு வீட்ல கை நனைக்கிறது எங்க ஊரு வழக்கம். வீட்ல கறி அடுப்புல கெடக்கு. ஐயர் தடை உண்டான்னு கேட்டாரு. இவரு எந்திரிச்சாரு.

"இந்தப் பெண் வேதத்தில் எழுதியிருக்கிற ஜலப்பிரளயத்தை நம்பவில்லை. பிள்ளைகளுக்கும் அப்படியே போதிக்கிறாள். வேதத்தை மறுதலிக்கிறவள் விசுவாசமுள்ள குடும்பத்துக்குள் போவது தடை என்று என் மனசாட்சி சொல்லுகிறது."

அப்படியே, அச்சு மாறாம சொல்லுறேன். ஒரு எழுத்து கூட்டலை, கொறைக்கலை. மனசாட்சியாம்.

மிச்சம் என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஐயர் ஒரு மாசம் விசாரிச்சாரு. விசாரிச்சு, இது தடையே இல்லன்னு தீர்ப்பு சொன்னாரு. தீர்ப்பு வந்த வாரம் அந்த மாப்பிள்ளைக்கு வேற ஊர்ல ஓலை வாசிச்சுட்டாவ. எங்க அப்பா அதுக்கப்புறம் முன் பெஞ்சுல உக்காரவே இல்ல. செத்த அன்னைக்குத்தான் முன்னால கொண்டு போய் வச்சோம். அப்புறமும் ரெண்டு மூணு எடம் வந்துச்சு. வந்தவங்க எல்லாம் ஒரே கேள்விதான், அந்த ஓலைக்கு ஏதோ தடைன்னு சொன்னாவளே, என்ன தடைன்னு. ஜலப்பிரளயம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாவ. வேற என்னமோ இருக்குன்னு நெனப்பாவ. நானே வேண்டாம்னுட்டேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. பரிதாபப்படுறதுக்காக நான் சொல்லலை.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வேலை கெடைச்சுது. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அங்கதான். நெறைய படிச்சேன். மத்த டீச்சரெல்லாம் லீவுக்கு ஊட்டி கொடைக்கானல் போவாவ. நான் லைப்ரரிக்குப் போவேன். படிச்சது பூராவும் ஒரே ஒரு விஷயம். ஜலப்பிரளயம். வந்துச்சுன்னு சொல்லுறவங்க எழுதினது எல்லாம் படிச்சேன், வரலைன்னு சொல்லுறவங்க எழுதினது எல்லாம் படிச்சேன். ரெண்டு பக்கத்தையும் நேர்மையா எடை போடணும்லா. அதுலயும் எதிராளி பக்கத்தை நம்ம பக்கத்தை விட நல்லாப் படிக்கணும். அவன் வாயைத் தொறக்குறதுக்கு முன்னால அவன் என்ன சொல்லப் போறான்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரியும். அந்த மனுசனே யோசிக்காத பாயிண்ட் எல்லாம் அவருக்காக நான் யோசிச்சு வச்சிருந்தேன்.

ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தேன். அவரு வீடு எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் அவரு வீட்ல இருந்து முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் தூக்குவாளியில வரும். கோழிக்குப் போட்டுருவேன். எங்க வீட்டுக் கோழிக்கு முந்திரிக்கொத்துன்னா உசிரு. அவரு பெஞ்சாதி செத்தப்ப போனேன். போகாம இருக்க முடியாதுலா. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. டீச்சர் வந்தது பெரிய ஆறுதல்னாரு. நான் ஆறுதல் சொல்லப் போகலை, எப்படி இருக்காருன்னு பாக்கப் போனேன். நல்லா நொடிஞ்சு போயித்தான் இருந்தாரு.

இந்தக் கோடையில கோயிலுக்குப் பின்னால கிணறு தோண்டினாவ. எங்க கோயில்ல அசனப் பண்டிகை நடக்கும், ஊரே ஒரே பந்தியில உக்காந்து கறிச்சோறு சாப்பிடுறது. அண்டா அண்டாவா பொங்கணும், தண்ணி காணாது. அதுக்காகத் தோண்டினாவ. செம்மண்ணு போயி, வெள்ளை மண்ணு வந்துச்சு. அந்த வெள்ளை மண்ணுக்குள்ள சிப்பி. கூடை கூடையா. ஜோயல் துரைசிங் அதுல ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டு அந்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் முன்னால வந்து நின்னாரு. கடல் இங்க இருந்து எவ்வளவு தூரம், இவ்வளவு ஆழத்துல சிப்பி எப்படி வந்துச்சு, யாரு கொண்டு வந்து போட்டா, ஜலப்பிரளயம்தான் கொண்டு வந்து போட்டுதுன்னாரு. அசனத்தன்னைக்கு சாயங்காலம் படம் போட்டு விளக்கமாப் பேசுவேன், தலைப்பு 'ஜலப்பிரளயத்துக்கு அறிவியலின் சாட்சி'ன்னாரு.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுட்டாருன்னு நெனச்சேன். சும்மா சொல்லலை. அப்படியே நெனச்சேன்.

மறுநாள் வெயில் ஏறுறதுக்கு முன்னால கிணத்தடிக்குப் போனேன். எடுத்துப் போட்ட மண்ணு பெரிய பெரிய கட்டியா கெடக்கு. ஒரு கட்டியை எடுத்து மெல்லப் பேத்துப் பாத்தேன். தம்பி, நீங்க அந்தப் பையைத் தொறந்து ஒண்ணை எடுத்துப் பாருங்க. எடுங்க, பரவால்ல. ரெண்டு ஓடும் சேந்து வாயை மூடிக்கிட்டு இருக்கா? அப்படித்தான் எல்லாமே இருந்துச்சு. மண்ணுக்குள்ள நட்டமா நிக்கிது, உசிரோட இருக்கையில எப்படி நின்னுச்சோ அப்படி. சிறுசு, பெருசு, குஞ்சு எல்லாம் அது அது எடத்துல. வெள்ளம் அடிச்சுக் கொண்டு வந்து போட்டிருந்தா எப்படி இருக்கும்? நம்ம ஆத்துல வெள்ளம் வந்து வடிஞ்சா கரையில பாத்திருப்பீங்களே. எல்லாம் நொறுங்கி, புரண்டு, கலந்துல்லா கெடக்கும். சிப்பி செத்தா ஓடு ரெண்டும் தனித்தனியாப் போயிரும். இது அந்த எடத்துலயே பொறந்து, வாழ்ந்து, அமைதியா மண்ணு மூடிச் செத்தது. அங்க கடல் இருந்திருக்கு. வெள்ளம் இல்ல, கடல். ரொம்ப காலம் இருந்துட்டு மெதுவா வெலகிப் போயிருக்கு. குழி ஓரத்துல நின்னு நான் தனியா சிரிச்சேன். கிணறு வெட்டுற ஆளுங்க ஒரு மாதிரியாப் பாத்தாவ.

அசனத்தன்னைக்கு சாயங்காலம் பந்தல் நெறைஞ்ச கூட்டம். அவரு நல்லாத்தான் பேசுனாரு, அதைச் சொல்லணும். இமயமலை உச்சியிலயும் சிப்பி இருக்குன்னாரு. உலகத்துல எந்த ஜாதி ஜனத்தைக் கேட்டாலும் வெள்ளக் கதை வச்சிருக்காங்க, நம்ம நாட்டுலயே மீன் வந்து படகை இழுத்துட்டுப் போன கதை இருக்கு, ஒண்ணும் நடக்காமலா எல்லாரும் சொல்லுவாங்கன்னாரு. ஆபிரகாம் பொறந்த தேசத்துல தோண்டினப்ப பழைய ஊருக்கு அடியில ஆள் உயரத்துக்கு வண்டல் மண்ணு இருந்துதுன்னாரு. பேழை போயி நின்னதாச் சொல்லுற அரராத் மலையில அதோட மரத்தைப் பாத்தவங்க இருக்காங்கன்னாரு. கடைசியா நம்ம கிணத்துச் சிப்பி. கூட்டம் அல்லேலூயான்னுது.

நான் கையைத் தூக்கினேன். ஐயர் இளவட்டம், புதுசா வந்தவரு, அவருக்குப் பழைய கதை ஒண்ணும் தெரியாது. டீச்சர் வாங்கன்னாரு.

மொதல்ல அவருக்குச் சாதகமா உள்ளதைச் சொன்னேன். அப்பத்தான அப்புறம் அடிக்கிற அடி விழும். பனி உருகி கடல் ஏறின காலம் ஒண்ணு உண்டு, உலகம் பூரா கரையோரத்து நெலம் உள்ள போச்சு, நம்ம கரையும் போச்சு, அந்த ஞாபகம் கதையாத் தங்கியிருக்கலாம், அது நியாயம்தான்னேன். அந்த வண்டல் மண்ணும் உண்மைதான், பெரிய வெள்ளம் வந்தது உண்மைதான்னேன். அவரு தலையை ஆட்டுனாரு. சந்தோஷமா ஆட்டுனாரு. அப்புறம் ஆரம்பிச்சேன். ஒரு ஊர்ல வண்டல் இருக்கு, அதே சமவெளியில பக்கத்து ஊர்ல ஏன் இல்ல? இன்னொரு ஊர்ல இருக்கிறது ஏன் வேற காலத்து மண்ணா இருக்கு? ஒரே வெள்ளம்னா உலகம் பூரா ஒரே நேரத்துல ஒரே மண்ணு படிஞ்சிருக்கணுமே, அது எங்க? வெள்ளக் கதை எல்லா ஜனத்துக்கிட்டயும் இருக்கலாம், ஆனா தப்பிச்ச ஆளு வேற, எறங்கின மலை வேற, அவனவன் ஆத்துல அவனவன் கண்ட வெள்ளம். இமயமலை கடலடியில கெடந்து ஒசந்த மலை, தண்ணி மலை மேல ஏறலை, கடல்தரை மேல வந்துச்சு. அரராத்ல மரத்தைக் கண்டேன்னு சொன்னவன் ஒருத்தன்கூட சோதிச்சுப் பாக்க ஒரு துண்டு ஒழுங்காக் காட்டலை. உலகத்துல உள்ள பனி அத்தனையும் உருகினாலும் கடல் எழுபது மீட்டர் ஏறும், நம்ம பொதிகை மலைக்கு அது முழங்கால்கூட இல்ல. மிச்சத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு, எங்க போச்சு?

அந்த மூக்கொழுகினவ கேட்ட அதே கேள்விதான். அவ எந்த ஊர்ல வாக்கப்பட்டாளோ.

அப்புறம் சிப்பியை எடுத்துக் காட்டினேன். இப்ப உங்களுக்குச் சொன்னேன்லா, அப்படியே சொன்னேன்.

அப்ப ஒரு புள்ள எந்திரிச்சா. பெனிட்டா. அவரு மகன் வயித்துப் பேத்தி. தூத்துக்குடியில ஜியாலஜி படிச்சவ. "தாத்தா, டீச்சர் சொல்றதுதான் சரி. நானும் போயி அந்த மண்ணைப் பாத்தேன். உலகம் முழுக்க மூடின வெள்ளம்னு ஒண்ணு வந்ததா நான் நம்பல தாத்தா"ன்னா. அத்தனை பேரு முன்னால, குரல் நடுங்காம. அந்தப் பந்தல்ல என் பக்கம் பேசின ஒரே ஆளு அவதான். நல்ல புள்ள. கண்ணு ரெண்டும் தெளிவு. எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு, உள்ளதைச் சொல்லுறேன்.

ஜோயல் துரைசிங் எறங்கி வந்தாரு. என் கையில இருந்து சிப்பியை வாங்கினாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு, கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "நான் சொன்னது தப்பு. டீச்சர் சொல்றதுதான் சரி. இவ்வளவு நாளும் படிக்காம பேசியிருக்கேன்"னாரு.

எனக்கு இன்னும் பாதி பாயிண்ட் மிச்சம் இருந்துச்சு தம்பி. கடல் தண்ணி கலந்தா நன்னீர் மீன் எப்படிப் பொழைச்சுதுன்னு நான் இன்னும் பேசவே இல்ல. துருவத்துல வருஷத்துக்கு ஒண்ணா அடுக்கடுக்கா கலையாம உறைஞ்சு கெடக்கிற பனியைப் பத்தி ஆரம்பிக்கவே இல்ல. யாரு அவரை அதுக்குள்ள தோக்கச் சொன்னா?

அதோட போச்சா? கூட்டம் கை தட்டுது. எனக்கு இல்ல, அவருக்கு. இந்த வயசுல இப்படி ஒரு தாழ்மையான்னு பொம்பளைங்க கண்ணைத் தொடைக்காவ. ஐயர் கண்ணை மூடி, ஜோயல் ஐயா காட்டின தாழ்மைக்காக ஸ்தோத்திரம்னு ஜெபம் பண்ணுதாரு. பந்தியில அவரு இலைக்கு ரெண்டு தடவை ஈரல் வந்துச்சு. என் இலையில எலும்பு. நான் காத்துக்கிட்டே இருந்தேன். தப்புன்னு சொன்னாருல்லா, அப்ப அந்தத் தப்புக்காக என் ஓலைக்குத் தடை சொன்னதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். கை கழுவுற எடம் வரைக்கும் காத்திருந்தேன். டீச்சர் சாப்பாடு நல்லா இருந்துதான்னு கேட்டாரு. அவ்வளவுதான். சிப்பிக்கு மன்னிப்புக் கேட்டாரு. எனக்குக் கேக்கலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஐயர் ஓலை வாசிச்சாரு. பெனிட்டாவுக்கு. மாப்பிள்ளை திசையன்விளைப் பக்கம். மாப்பிள்ளையோட அப்பா பெரிய ஊழியக்காரரு, கன்வென்ஷன் மேடையில பிரசங்கம் பண்ணுறவரு. வேதத்துல உள்ள கமா, புள்ளி வரைக்கும் சத்தியம்னு பேசுறவரு. அவரு பேச்சை நானே மைக்குல கேட்டிருக்கேன்.

அந்த மூச்சு நேரம் வந்துச்சு. நான் சும்மா இருந்தேன். ரெண்டாவது ஓலையும் வந்துச்சு. சும்மாத்தான் இருந்தேன். நான் எடுத்தோம் கவுத்தோம்னு செய்யிற ஆளு இல்ல. ரெண்டு பக்கமும் எடை போடணும்லா. செய்யணும்கிறதுக்கு என்ன இருக்கு, வேண்டாம்கிறதுக்கு என்ன இருக்குன்னு யோசிச்சேன். வேண்டாம்கிறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அந்தப் புள்ள. அந்தப் புள்ள என்ன பாவம் செஞ்சான்னு நீங்க கேக்கப் போறீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நான் என்ன பாவம் செஞ்சேன்? அதை யாராவது கேட்டாவளா? கோயில் நெறைய ஆளு இருந்துச்சு அன்னைக்கு. ஒரு ஆளு கேக்கலை.

இன்னைக்கு மூணாவது ஓலை. மாப்பிள்ளை வீட்டார் வேன்ல வந்து முன் பெஞ்சுல உக்காந்திருக்காவ. ஜோயல் துரைசிங் புது வேட்டி சட்டை. பெனிட்டா அவரு பக்கத்துல. ஐயர் தடை உண்டான்னு கேட்டாரு. எந்திரிச்சேன். முழங்கால் வலி எனக்கு, பெஞ்சைப் பிடிச்சுத்தான் எந்திரிப்பேன். இன்னைக்குப் பிடிக்கலை.

"இந்தப் பெண் வேதத்தில் எழுதியிருக்கிற ஜலப்பிரளயத்தை நம்பவில்லை. சபை நடுவில் அப்படியே சொன்னாள். வேதத்தை மறுதலிக்கிறவள் விசுவாசமுள்ள குடும்பத்துக்குள் போவது தடை என்று என் மனசாட்சி சொல்லுகிறது."

அவரு வார்த்தைதான். அவருக்கே திருப்பிக் குடுத்தேன்.

எப்படி மாட்டிக்கிட்டாரு பாத்தீங்களா? இது தடைதான்னு சொன்னா பேத்தி கல்யாணம் போச்சு. தடை இல்லைன்னு சொன்னா அன்னைக்கு என் ஓலைக்கு அவரு சொன்னது அநியாயம். எந்தப் பக்கம் போனாலும் நான் நிக்கேன். இவ்வளவு வருஷமா படிச்ச படிப்பு வீண் போகலை.

அவரு எந்திரிச்சாரு. வாய் கோணுது. "இது தடையில்ல. அன்னைக்கும் இது தடையில்ல. சொர்ணபாய் டீச்சருக்கு நான் செஞ்சது அநியாயம். அந்தப் பாவத்தை நானே சுமக்கேன், எம் பேத்தி தலையில ஏத்தாதீங்க டீச்சர்"னு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு அழுதாரு. சத்தம் போட்டு அழுதாரு. யாரும் கை தட்டலை. எப்படி இருந்துச்சுன்னு கேக்கீங்களா? நல்லா இருந்துச்சு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்தப் பையை, அவரு ஏதாவது எதிர்த்துப் பேசினா காட்டணும்னு கொண்டு போனேன், அதுக்கு வேலையே இல்லாமப் போச்சு.

ஆனா சம்பந்தி அதையெல்லாம் கவனிக்கலை. அவரு வேதப் புஸ்தகத்தைக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சு, பெனிட்டா பக்கம் திரும்பி, "நீ அப்படிச் சொன்னியாம்மா?"ன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு.

ஐயர், "இதை நான் விசாரிச்சு முடிவு சொல்றேன், எல்லாரும் உக்காருங்க"ன்னாரு. அவ அப்பா அம்மா, இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லுன்னு அவ கையைப் பிடிச்சு இழுக்காவ. அவ ஒரே ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். நான்கூட சாட்சிக்கு ஆளு கொண்டு வந்திருக்க மாட்டேன்.

"சொன்னேன் மாமா"ன்னா.

அவங்க போயிட்டாவ. முன் பெஞ்சு காலி. மாப்பிள்ளைப் பையன் வாசல்ல ஒரு தரம் திரும்பிப் பாத்தான். அவங்க அப்பா கூப்பிட்டாரு, போயிட்டான். வேன் கெளம்புற சத்தம் கேட்டுது. ஐயர் அடுத்த பாட்டு நம்பரைச் சொன்னாரு, ஆனா யாரும் பாடலை.

ஆராதனை முடிஞ்சதும் கிழக்கு வாசல்ல ஜனம் கலையாம நின்னு பேசுது. ஜோயல் துரைசிங்கை நாலு பேரு பிடிச்சு நாற்காலியில உக்கார வச்சிருக்காவ. நான் உள்ள ஓரமா நின்னு பையை எடுத்துக்கிட்டு இருந்தேன். பெனிட்டா என்கிட்ட வந்தா. திட்டப் போறான்னு நெனச்சேன். திட்டினா நாலு வார்த்தை திருப்பிச் சொல்ல நானும் தயாராத்தான் இருந்தேன். அவ திட்டலை. மூஞ்சியில ஒண்ணும் இல்ல. ரொம்ப மெதுவா கேட்டா. "டீச்சர், உங்க ஓலை அன்னைக்கு நீங்க எந்த வழியா வீட்டுக்குப் போனீங்க?"

இதைப் போயி கேக்கா பாருங்க. ஜலப்பிரளயத்தைப் பத்தி எது கேட்டாலும் என்கிட்ட பதில் உண்டு. இதை இத்தனை வருஷத்துல ஒரு ஆளு என்கிட்ட கேட்டது இல்ல. எங்க அப்பா கேக்கலை, அம்மா கேக்கலை. நான் யாருக்கும் சொன்னதும் இல்ல.

சொன்னேன். வேற என்ன செய்ய, டீச்சராச்சே, கேட்டா சொல்லித்தான் பழக்கம். "மேற்கு வாசல் வழியாப் போ. கல்லறைத் தோட்டத்தைச் சுத்திப் போனா ஆள் நடமாட்டம் இருக்காது. செருப்பைக் கையில எடுத்துக்கோ, மணல்ல நடக்க விடாது. அழுகை வந்தா பனங்காட்டுக்குள்ள போனப்புறம் அழு. பின்னால யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாத்திராத"ன்னேன்.

அவ சரி டீச்சர்னுட்டுப் போனா. நான் மேற்கு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டா. கல்லறைத் தோட்டத்தைச் சுத்திப் போனா. அவ அம்மா ஓடி வந்து, பெனிட்டா பெனிட்டான்னு கத்துதாவ. அவ திரும்பலை. அப்புறம் நானும் கூப்பிட்டேன் தம்பி. ஏன் கூப்பிட்டேன்னு தெரியலை, வாய்ல வந்துட்டு. ரெண்டு தரம் கூப்பிட்டேன். அதுக்கும் திரும்பலை. சொன்னா கேக்குற புள்ள.